செய்வினை

கல்லூரிக் காலத்தில் பென்டிரைவோடு ஜெராக்ஸ் கடைக்குப் போய்வருவது காய்ச்சல் வார்டுக்குள் போய்வருவது மாதிரி. ரெக்கார்டுக்கு இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்துவிட்டு விடுதிக்குத் திரும்பிச் செருகினால் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போனால், "அதுக்கு நான் என்ன தம்பி பண்றது, வைரஸ் வந்துருச்சு" என்பார். மழை வந்துருச்சு என்பது போல. விடுதியில் ஒரு சீனியருக்கு மட்டும் அட்ரிப் கமாண்ட் முழுதாக மனப்பாடம். கறுப்புத் திரையில் ஒரே வரியை அடிப்பார், மறைந்துபோன கோப்புகள் எல்லாம் திரும்பி வந்துவிடும். வேப்பிலை இல்லாத குறைதான்.

அந்த "வந்துருச்சு" என்ற வினைச்சொல் பல வருடங்கள் கழித்துத்தான் உறுத்த ஆரம்பித்தது. தமிழில் காய்ச்சல் வரும், அம்மை வரும், வைரஸும் வரும். அனுப்பியவர் என்று ஒருவர் வாக்கியத்தில் இல்லை. ஆனால் பென்டிரைவில் இருந்தது கிருமி அல்ல. யாரோ ஒருவர் உட்கார்ந்து, யோசித்து, தட்டச்சு செய்து, ஓட்டிப் பார்த்து, பிழை திருத்திய ஒரு நிரல். இதற்குப் பொருத்தமான சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: செய்வினை. வாசற்படிக்கு அடியில் முட்டையும் தகடும் புதைக்கப்பட்டிருந்தால் ஊரில் யாரும் "வந்துருச்சு" என்று சொல்லமாட்டார்கள். "வச்சிருக்காங்க" என்பார்கள். அடுத்த கேள்வி உடனே வரும்: யார் வச்சது? சூனியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த வாக்கியத்தின் இலக்கணத்தில் நம்பிக்கை உண்டு.

இந்தக் கேள்வியோடுதான் கென் தாம்ஸனின் மூன்று பக்க உரையை சமீபத்தில் மறுபடி வாசித்தேன். யுனிக்ஸை உருவாக்கிய இருவரில் ஒருவர் தாம்ஸன். இன்னொருவர் டென்னிஸ் ரிட்சி. 1983ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. 'ரிஃப்ளெக்ஷன்ஸ் ஆன் ட்ரஸ்டிங் ட்ரஸ்ட்' என்ற தாம்ஸனின் ஏற்புரை 1984 ஆகஸ்டில் ஏ.சி.எம். மாத இதழில் அச்சானது. பாதுகாப்புத் துறையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். முழுதாகப் படித்தவர்கள் குறைவு என்பது என் சந்தேகம். நானே முதல் வேலையில் சேர்ந்து மூன்று வருடம் கழித்துத்தான் படித்தேன்.

உரைக்கு முன் பெயர்களைப் பற்றிக் கொஞ்சம். தீநிரல்களை வகை பிரிக்கப் பாடப்புத்தகம் சொல்லும் முறை எளிமையானது. வைரஸ் தனியாக நிற்காது, இன்னொரு நிரலின் உடம்பில் ஒட்டிக்கொண்டு அது ஓடும்போது தானும் ஓடிப் பெருகும். புழு சொந்தக் காலில் நிற்கும் (புழுவுக்குக் கால் கிடையாது என்பது வேறு விஷயம்), வலைப்பின்னல் வழியே இயந்திரத்துக்கு இயந்திரம் தானே ஊர்ந்துபோகும். ட்ரோஜன் குதிரை தானாகப் பரவாது. பயனுள்ள ஏதோ ஒன்று போலத் தோன்றும், நாமே கதவைத் திறந்து உள்ளே இழுத்து வருவோம்.

பெயர்கள் பாதி இலக்கியத்திலிருந்து வந்தவை. ஜான் ப்ரன்னர் 1975இல் எழுதிய 'தி ஷாக்வேவ் ரைடர்' நாவலில் வலைக்குள் ஊரும் நாடாப்புழு வருகிறது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஜான் ஷோச்சும் ஜான் ஹப்பும் 1982இல் தங்கள் சோதனை நிரல்களுக்கு அங்கிருந்துதான் பெயரெடுத்தார்கள். அவர்களுடைய புழு தீயதல்ல. இரவில் சும்மா கிடக்கும் கணினிகளைத் தேடிப் பிடித்து வேலை வாங்கப் பார்த்தது, அவ்வளவுதான். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் கட்டிடம் முழுக்கக் கணினிகள் விழுந்து கிடந்தன. 'வைரஸ்' 1983 நவம்பரில் வந்தது. ஃப்ரெட் கோஹன் என்ற மாணவர் தன்னைத்தானே பிரதியெடுக்கும் நிரலை வகுப்பில் காட்டினார், பெயர் சூட்டியது அவருடைய ஆசிரியர் லியனார்ட் அடில்மன். எல்லா வைரஸையும் தவறில்லாமல் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்று இருக்கவே முடியாது என்று நிறுவியவரும் கோஹன்தான்.

இந்தப் பெயர்களில் எனக்கு வேடிக்கையாகப் படுவது ட்ரோஜன். குதிரையைச் செய்தவர்கள் கிரேக்கர்கள். பெயரோ ஏமாந்த ட்ராய்க்காரர்களின் பெயர். பாதிக்கப்பட்டவர் பெயர் நிற்கிறது, செய்தவர் பெயர் இல்லை. வைரஸிலும் புழுவிலும் செய்தவர் என்ற ஆளே இல்லை, அவை இயற்கையில் இருப்பவை.

இந்த மூன்றும் பரவும் விதத்தை வைத்துப் பிரித்தவை. செய்யும் காரியத்தை வைத்து இன்னொரு பிரிவும் இருக்கிறது: கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்பது ரான்சம்வேர், வேவு பார்ப்பது ஸ்பைவேர், குறித்த நாள் வரும்வரை தூங்குவது லாஜிக் பாம், இயங்குதளத்துக்கு அடியில் போய்த் தன்னை மறைத்துக்கொள்வது ரூட்கிட். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு மாணவர்களுக்கு மனப்பாடம் செய்யக் கொடுக்கிறோம். மாடுகளை நிறத்தாலும் கொம்பாலும் ஒரே வரிசையில் பிரிக்கிற மாதிரி. 2017 மே மாதம் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவிய வானாக்ரை பரவிய விதத்தில் புழு, செய்த காரியத்தில் ரான்சம்வேர். அது கணினிக்குள் நுழையப் பயன்படுத்திய ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்லாமல் வைத்திருந்தது அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. உளவு நிறுவனம். அங்கிருந்து கசிந்ததை எடுத்துப் பயன்படுத்தியது வட கொரியா என்று அந்த வருடக் கடைசியில் அமெரிக்காவும் பிரிட்டனும் குற்றஞ்சாட்டின. இந்தக் கதையில் முக்கியமான பகுதி எதுவோ அதற்கு வகைப்பாட்டில் கட்டமே இல்லை. எப்படி வந்தது, என்ன செய்தது என்று இரண்டு கட்டம் உண்டு. யார் வைத்தது என்ற மூன்றாவது கட்டம் இல்லை.

தாம்ஸன் அந்த மூன்றாவது கட்டத்தில் தன் பெயரையே எழுதுகிறார். அந்த உரையின் பெரிய துணிச்சல் அதுதான்.

உரை மூன்று படிகளாகப் போகிறது. முதல் படி ஒரு விளையாட்டு: தன்னுடைய மூலநிரலைத் தானே அப்படியே அச்சிடும் நிரல். இதைப் படிக்கும்போது உரை முழுக்க இப்படித்தான் செல்லமாகப் போகப்போகிறது என்று தோன்றும். இரண்டாவது படியில்தான் தரை நழுவுகிறது. கம்பைலர் என்பது நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும் எண்களாக மாற்றும் நிரல். சி மொழியின் கம்பைலரும் சி மொழியிலேயே எழுதப்பட்டது. அப்படியானால் அதை யார் கம்பைல் செய்வது? அதன் முந்தைய பதிப்பு.

நம் வீட்டுத் தயிர் இப்படித்தான். இன்றைய பாலுக்கு உறை நேற்றைய தயிர், நேற்றைய பாலுக்கு முந்தாநாள் தயிர். முதல் உறை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அம்மா பக்கத்து வீட்டைக் காட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரம்மா அவருடைய பிறந்த வீட்டைச் சொல்வார்.

தாம்ஸன் காட்டும் உதாரணம் மிகச் சின்னது. செங்குத்து டாப் என்ற குறிக்கு ஒரு புதிய சுருக்கெழுத்தை கம்பைலருக்குக் கற்றுத்தர வேண்டும். கம்பைலருக்கு அது தெரியாது, அதனால் முதல்முறை அதன் எண்ணான 11ஐ நேரடியாக எழுதிக் கம்பைல் செய்கிறோம். இப்போது புதிய கம்பைலருக்கு அந்தச் சுருக்கெழுத்து தெரியும். மூலநிரலில் 11ஐ அழித்துவிட்டு சுருக்கெழுத்தையே எழுதிவிடலாம். இனி அந்த 11 எந்த மூலநிரலிலும் இல்லை. ஆனால் அது மறக்கப்படவில்லை. ஒவ்வொரு பதிப்பும் அடுத்த பதிப்புக்கு அதைக் காதில் சொல்லிவிட்டுப் போகிறது.

இந்தப் பத்தியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். இலக்கியம் படிப்பவர்கள் பிரதிக்கு வெளியே அர்த்தம் இருக்கிறதா என்று மாய்ந்து மாய்ந்து விவாதிக்கிறோம். இங்கே ஒரு பொறியாளர், பிரதியில் ஒரு எழுத்துகூட இல்லாத ஒன்று பிரதியின் பொருளைத் தலைமுறை தலைமுறையாகத் தீர்மானிக்க முடியும் என்று பத்து வரி நிரலில் செய்தே காட்டிவிடுகிறார். நிரலை வரிவரியாகப் படித்துவிட்டோம், அதனால் அது என்ன செய்யும் என்று தெரியும் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் தொழிலே நடக்கிறது. 'கோட் ரிவ்யூ பண்ணிட்டேன்' என்று தினமும் சொல்கிறோம்.

மூன்றாவது படி தீநிரல். யுனிக்ஸின் லாகின் நிரலை கம்பைல் செய்கிறோம் என்று தெரிந்தவுடன், தாம்ஸனுக்கு மட்டும் தெரிந்த ஒரு பாஸ்வேர்டையும் ஏற்றுக்கொள்ளும்படி கம்பைலர் அதை மாற்றிவிடும். லாகினின் மூலநிரலில் ஒரு மாற்றமும் இருக்காது. சரி, கம்பைலரின் மூலநிரலைப் படித்தால் மாட்டிக்கொள்வாரே? அதற்குத்தான் முதல் இரண்டு படிகள். தன்னையே கம்பைல் செய்கிறோம் என்று தெரிந்தால், இந்த இரண்டு தந்திரங்களையும் கம்பைலர் மறுபடி தனக்குள் சேர்த்துக்கொள்ளும். இனி மூலநிரலைத் துடைத்துச் சுத்தமாக்கிவிடலாம். பால் புதியது, சட்டி கழுவியது. கெட்டது உறையில் இருக்கிறது.

இதை வைரஸ் என்பதா, ட்ரோஜன் என்பதா? தாம்ஸன் ட்ரோஜன் என்கிறார். தன்னைத்தானே பிரதியெடுப்பதால் வைரஸ் என்றும் சொல்லலாம். அவருக்கு அந்தக் கவலை இல்லை. இந்த யோசனை தன்னுடையதல்ல, மல்டிக்ஸ் பாதுகாப்பு பற்றிய விமானப்படை ஆவணம் ஒன்றில் படித்தது என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறார். வெறும் யோசனையும் அல்ல, செய்திருந்தார். பெல் லாப்ஸின் இன்னொரு குழு அந்தக் கம்பைலரை விவரம் தெரியாமல் வாங்கி நிறுவியது, நிறுவனத்துக்கு வெளியே அது போகவில்லை. 2023இல் ஒரு மேடையில் அந்த நிரல் இன்னும் தன்னிடம் இருக்கிறது, இத்தனை வருடத்தில் யாரும் கேட்கவில்லை என்றார். ரஸ் காக்ஸ் கேட்டார், வாங்கினார், விளக்கக் குறிப்போடு வெளியிட்டார். பத்தாயிரம் முறை மேற்கோள் காட்டியவர்களில் ஒருவருக்குக்கூட அதைக் கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

இதுவரை உரை குறையில்லாதது. இதற்குப் பிறகு வரும் சில பத்திகளில்தான் எனக்குச் சண்டை.

பாடம் என்ன என்று சொல்லத் தொடங்குகிறார். நீயே முழுக்க எழுதாத நிரலை நம்பாதே, அதிலும் தன்னைப் போன்ற ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களின் நிரலை நம்பாதே என்று அடைப்புக்குறிக்குள் ஒரு நகைச்சுவை. நல்லது. உடனே குரல் மாறுகிறது. செய்தித்தாள்களும் சினிமாவும் கணினிக்குள் அத்துமீறும் பையன்களை மேதைகளாகக் கொண்டாடுவதைக் கண்டிக்கிறார். 1983இல் பிடிபட்ட '414' கும்பல் போன்றவர்கள்தான் இலக்கு. பூட்டாத வீடாக இருந்தாலும் பக்கத்து வீட்டுக்குள் நுழைவது தப்புதான், குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது போலத்தான் இதுவும், சமூகம் இதை அவமானமாகக் கருத வேண்டும் என்கிறார்.

சொன்னது எதுவும் தவறில்லை. ஆனால் இவ்வளவு நேரம் நமக்குக் காட்டியது என்ன? பூட்டைச் செய்பவனே இன்னொரு சாவியை வைத்துக்கொண்டால் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது என்பதைத்தானே? அந்தப் பையன்கள் திறந்து கிடந்த கதவுகளைத் தள்ளினார்கள். கதவைச் செய்தவர் மேடையில் விருதோடு நிற்கிறார். தன் கையால் நட்டதைக் காட்டிய அதே மூச்சில் விரலைத் தெருப்பக்கம் நீட்டுகிறார். அவருக்காக வாதாட இடமுண்டு: அப்போது அமெரிக்காவில் இதற்கென்று ஒழுங்கான சட்டமே இல்லை, பெரிய மேடை கிடைத்தது, அவசரம் என்று நினைத்ததைச் சொன்னார். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கட்டுரையாக அது இரண்டாக உடைகிறது. முதல் பாதியின் கண்டுபிடிப்பு தாங்க முடியாதது, அதைப் பத்திரமாக வெளியே கொண்டுபோய் வைக்க ஒரு குற்றவாளி தேவைப்பட்டிருக்கிறான்.

நான்கு வருடம் கழித்து நடந்ததை நினைத்தால் இந்த உடைவு இன்னும் வலிக்கும். 1988 நவம்பர் 2ஆம் தேதி ஒரு புழு இணையத்தில் விடப்பட்டது. அன்றைய இணையத்தின் சுமார் 60000 கணினிகளில் 6000 வரை அதனால் முடங்கின என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஏற்கெனவே தொற்றிய கணினியில் மறுபடி நுழைய வேண்டாம் என்று அதற்குத் தெரியும். ஆனால் யாராவது பொய்யாக 'நான் இருக்கிறேன்' என்று சொல்லி அதை ஏமாற்றிவிடுவார்களோ என்று, ஏழில் ஒரு முறை எப்படியும் நுழையும்படி எழுதியிருந்தார்கள். அந்த ஏழில் ஒன்றுதான் இயந்திரங்களைக் கொன்றது. நம்பிக்கையின்மையால் பெருகிய புழு.

எழுதியவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ், கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர். அவருடைய அப்பா ராபர்ட் மாரிஸ் பெல் லாப்ஸில் தாம்ஸனின் சக ஊழியர். 1979இல் இருவரும் சேர்ந்து பாஸ்வேர்ட் பாதுகாப்பு பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். 3289 பாஸ்வேர்டுகளைச் சோதித்து, பெரும்பாலானவை எளிதில் ஊகிக்கக்கூடியவை என்று காட்டிய புகழ்பெற்ற கட்டுரை அது. மகனின் புழு கையில் வைத்திருந்த ஆயுதங்களில் ஒன்று, மக்கள் வழக்கமாக வைக்கும் பாஸ்வேர்டுகளின் பட்டியல். தந்தை அப்போது என்.எஸ்.ஏ.வின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. தாம்ஸன் எச்சரித்த பையன் தெருவிலிருந்து வரவில்லை, கூடத்திலிருந்து வந்தான். மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10050 டாலர் அபராதம். பின்னாளில் எம்.ஐ.டி.யில் பேராசிரியர்.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. நீயே எழுதாத நிரலை நம்பாதே என்ற அறிவுரையை யார் கடைப்பிடிக்க முடியும்? நான் வேலை செய்யும் ஒரு சாதாரண வெப் அப்ளிகேஷனில் நேரடியாகச் சேர்த்த நூலகங்கள் நாற்பது சொச்சம். அவை இழுத்து வருபவையோடு சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். எழுதியவர்களில் ஒருவர் முகம்கூட எனக்குத் தெரியாது. 'என்பிஎம் இன்ஸ்டால்' அடித்துவிட்டு டீ குடிக்கப் போகிறேன், திரும்பி வருவதற்குள் ஆயிரம் அந்நியர்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

விசித்திரம் என்னவென்றால், அறிவுரைக்கான மறுப்பு உரையின் முதல் பத்திகளிலேயே இருக்கிறது. ரிட்சிக்கு நன்றி சொல்லும் இடம். இத்தனை வருடம் சேர்ந்து வேலை செய்ததில் ஒரே ஒரு முறைதான் இருவருக்கும் ஒருங்கிணைப்புத் தவறியது, ஒரே 20 வரி அசெம்ப்ளி நிரலை இருவருமே தனித்தனியாக எழுதிவிட்டார்கள், ஒப்பிட்டுப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது என்கிறார். யுனிக்ஸே இப்படிப்பட்ட நம்பிக்கையில் உருவானதுதான். இரண்டு பக்கம் கழித்து, யாரையும் நம்பாதே என்கிறார். இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்து யோசித்திருந்தால் அது வேறு உரையாக இருந்திருக்கும்.

தொழில்நுட்ப மறுப்பும் அந்த 20 வரியிலேயே ஒளிந்திருக்கிறது. டேவிட் வீலர் 2005இல் எழுதி, 2009இல் முனைவர் பட்ட ஆய்வாக விரித்த முறை அது. சந்தேகத்துக்குரிய கம்பைலரின் மூலநிரலை, அதற்குத் தொடர்பே இல்லாத இன்னொரு கம்பைலரால் கம்பைல் செய். வந்ததைக் கொண்டு அதே மூலநிரலை மறுபடி கம்பைல் செய். கிடைப்பதைப் பழையதோடு பிட்டுக்குப் பிட்டு ஒப்பிடு. இரண்டு அந்நியர்கள் ஒரே பொய்யை ஒரே மாதிரிச் சொல்வது கடினம். ஒருவரையும் நம்பாமல் இருப்பதல்ல தீர்வு, ஒருவரை ஒருவர் அறியாத பலரைக் கொஞ்சம் கொஞ்சம் நம்புவது.

2024 மார்ச் 29இல் வெளியான எக்ஸ்.இஸட். விவகாரத்தை தாம்ஸன் உரைக்கு எழுதப்பட்ட நாற்பதாண்டுப் பிற்சேர்க்கையாகவே படிக்கலாம். கோப்புகளைச் சுருக்கும் சின்ன நூலகம் அது, லினக்ஸ் உலகம் முழுக்க இருக்கிறது. வருடக்கணக்கில் அதைச் சம்பளமில்லாமல் ஒருவர்தான் பராமரித்து வந்தார். 2022இல் முகம் தெரியாத சில கணக்குகள் அவரை நெருக்க ஆரம்பித்தன: ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு யாரிடமாவது கொடுத்துவிடக் கூடாதா? தன் மன நிலையைச் சொல்லி, இது சம்பளமில்லாத வேலை என்று பதில் எழுதியிருக்கிறார். பக்கத்திலேயே ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் பொறுமையாக, உதவியாக, நல்ல நிரல்களை அனுப்பிக்கொண்டிருந்தார். மெல்ல மெல்லப் பொறுப்பு அவர் கைக்குப் போனது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் இருந்தது. மூலநிரலில் இல்லை. சோதனைக்கென்று வைத்திருந்த கோப்புகளுக்குள் புதைத்து, வெளியீட்டுப் பொதியில் மட்டும் சேர்த்த ஒரு வரியால் உயிர் கொடுக்கப்பட்டிருந்தது.

இதில் வைரஸ் இல்லை, புழு இல்லை. ஓய்ந்துபோன ஒரு மனிதரின் தோளில் கைபோட்டு இரண்டு வருடம் நடந்த ஒருவர் இருக்கிறார். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர். தீநிரலைத் தேடிப் போகவில்லை, லாகின் ஆக வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாவது ஏன் என்று உறுத்தியிருக்கிறது. என் கணினியில் லாகின் அரை வினாடி தாமதமானால் வைஃபையைத் திட்டியிருப்பேன்.

பழைய பராமரிப்பாளரே திரும்ப வந்தார். ஜியா டான் சேர்த்தவற்றைச் சரிபார்த்து, நீக்க வேண்டியதை நீக்கி, 2024 மே மாதக் கடைசியில் 5.6.2 பதிப்பை வெளியிட்டார். ஜியா டான் யார் என்று இதுவரை தெரியவில்லை.